வளரும் பருவமும் வளையும் முதுகும்

நேயர்களே, ஒரு தையற்காரர் சொன்ன சொல்லிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறோம்.

புனே நகரில் ராஸ்தா பேட்டை என்னும் பகுதி தென்னாட்டார் பலர் நெடுங்காலமாகக் குடியிருந்து வரும் இடமாகும். அங்கே ஒரு சிறிய தையற்கடையில், சில ஆண்டுகளுக்கு முன்பு, எம் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்திருந்தோம். அவளுக்கு அப்போது வயது 12. தைத்து வந்த சட்டை ஒரு தோளில் ஏறியும் மற்றொரு தோளில் இறங்கியும் நின்றது. பாவாடையின் விளிம்பும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. சற்றுச் சினத்தோடு கடைக்குத் திரும்பிச் சென்றோம். முதியவரான அத்தையற்காரர் மீண்டும் அளவெடுத்துப் பார்த்தார். பின்னர் எம்மைத் தனியே அழைத்து, மராத்தியில் மெல்லச் சொன்னார்: “சாஹேப், என் நாடாவில் பிழை இல்லை. குழந்தையின் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.”

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் எத்தனையோ மருத்துவக் குறிப்புகளைத் தமிழாக்கியிருக்கிறோம். இவ்வளவு தெளிவான குறிப்பு ஒன்று எம் கைக்கு வந்ததில்லை.

அதற்கு முந்தைய இரண்டாண்டுகளாக அச்சிறுமியை நாம் ஓயாமல் கடிந்து வந்தோம் என்பதையும் ஈண்டு மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். “நிமிர்ந்து உட்கார்”, “ஒரு பக்கமாகச் சாயாதே”, “பையை இரு தோளிலும் மாட்டு” என்று காலையும் மாலையும் சொன்னோம். முதுகு வளைவதற்கு அவளுடைய சோம்பலே காரணம் என்று எண்ணினோம். அந்த எண்ணம் தவறு என்பதையும், உண்மையில் வளரும் பிள்ளைகளின் முதுகெலும்பு எவ்வாறு வளைகிறது என்பதையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் முதுகெலும்பின் அமைப்பைப் பார்ப்போம். அது ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 ஆக 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று இணைந்துவிட்ட திரிக எலும்பும் வால் எலும்பும் உள்ளன. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற இடைத்தட்டுகள் அமைந்திருக்கின்றன. பக்கவாட்டில் நின்று நோக்கினால் இவ்வடுக்கு கழுத்தில் முன்வளைந்தும், மார்பில் பின்வளைந்தும், இடுப்பில் மீண்டும் முன்வளைந்தும் காணப்படும். இவ்வளைவுகள் இயற்கையானவை, நடையின் அதிர்ச்சியைத் தாங்க உதவுபவை. ஆனால் முதுகுப்புறமிருந்து நோக்கினால் அடுக்கு நேர்கோடாகத் தோன்ற வேண்டும். அக்கோடு இடமாகவோ வலமாகவோ வளைந்து, அதனுடன் முள்ளெலும்புகளும் முறுக்கிக்கொள்வதையே மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்கின்றனர். கோணல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் பக்கவளைவு என்று சொல்லலாம்.

இத்தகைய அடுக்கு எவ்வாறு நிமிர்ந்து நிற்கிறது என்பதே முதல் வியப்பு. 1744-ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை, மெல்லிய தூண் ஒன்று பாரம் ஏறும்போது எப்போது வளைந்து ஒடுங்கும் என்பதற்கு ஒரு விதி கண்டார். தூணின் நீளம் இருமடங்கானால் அது தாங்கும் பாரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது அவ்விதியின் சாரம். 1961-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், தசைகள் நீக்கப்பட்ட முதுகெலும்பை ஆராய்ந்தவர்கள், அது சுமார் 2 கிலோ பாரத்திலேயே வளைந்துவிடுவதைக் கண்டனர். நம் தலையின் பாரமே அதனினும் அதிகமன்றோ! அப்படியாயின் நம்மை நிமிர்த்தி வைத்திருப்பவை இருபுறமும் உள்ள தசைகளேயாம். கூடாரத்தின் நடுக்கம்பத்தை நாற்புறமும் கட்டிய கயிறுகள் நிறுத்தி வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஒரு பக்கத்துக் கயிறு தளர்ந்தால் கம்பம் மறுபக்கம் சாய்கிறது.

இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் பரவியிருந்த காலத்தில் இதைக் கண்கூடாகக் காண முடிந்தது. ஒரு பக்கத்துத் தசைகள் செயலிழந்த குழந்தைகளின் முதுகு, வளர வளர ஒரு பக்கமாகக் கோணிப் போயிற்று. 2011 ஜனவரிக்குப் பின் இயற்கையான போலியோ வைரஸால் இந்தியாவில் எந்தக் குழந்தையும் இந்நோய்க்கு ஆளாகவில்லை. 2014 மார்ச்சில் இப்பகுதியிலிருந்தே அது அகன்றதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. முதுகெலும்பில் காசநோய் தாக்கினால் எலும்பு அரிக்கப்பட்டு, முதுகு முன்னோக்கி மடிந்து கூன் விழுவதும் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு முள்ளெலும்பு பாதியளவே உருவாகியிருக்கும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்தால் இடுப்பு சாய்ந்து முதுகும் வளைந்து காணப்படும்; ஆனால் உட்கார்ந்தவுடன் அவ்வளைவு பெரும்பாலும் மறைந்துவிடும். இவை யாவும் காரணம் தெரிந்த வளைவுகள்.

ஆனால் 10 வயதுக்கு மேல் தோன்றும் பக்கவளைவுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவற்றுள் எதிலும் அடங்குவதில்லை. குழந்தை நல்ல உடல்நலத்துடன் ஓடியாடிக்கொண்டிருக்கும். தசைகளில் குறை இராது. எலும்பில் நோய் இராது. இவ்வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 2 அல்லது 3 பேரிடம் இவ்வளைவு சிறிதளவேனும் காணப்படுகிறது. சிறு வளைவுகள் ஆண் பெண் இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளன. பெரிதாக வளரும் வளைவுகளோ பெண் குழந்தைகளிடமே பன்மடங்கு மிகுதி.

வளைவு எவ்வாறு வளர்கிறது என்பதற்கு ஓர் எளிய பொறிமுறை விளக்கம் உண்டு. 1862-ஆம் ஆண்டில் ஹ்யூட்டர், ஃபோல்க்மான் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினர். வளரும் எலும்பின் முனையில் அழுத்தம் மிகுந்தால் அவ்விடத்தில் வளர்ச்சி மெதுவாகும்; அழுத்தம் குறைந்தால் வளர்ச்சி விரைவாகும் என்பதே அது. ஒவ்வொரு முள்ளெலும்பின் மேலும் கீழும் இத்தகைய வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. முதுகு சிறிதே ஒரு பக்கம் வளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வளைவின் உட்புறத்தில் அழுத்தம் கூடுகிறது. அங்கே வளர்ச்சி தடைப்படுகிறது. வெளிப்புறத்தில் அழுத்தம் தளர்கிறது. அங்கே எலும்பு உயர்ந்து வளர்கிறது. செவ்வகமாக இருக்க வேண்டிய முள்ளெலும்பு ஆப்பு வடிவம் பெறுகிறது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் செங்கற்களைக் கொண்டு கொத்தனார் தூண் எழுப்பினால், அவர் எத்துணைக் கவனமாக அடுக்கினும் அத்தூண் கோணவே செய்யும். கோணியவுடன் உட்புற அழுத்தம் இன்னும் கூடுகிறது. கூடியவுடன் எலும்பு இன்னும் ஆப்பாகிறது. வளைவு வளைவை வளர்க்கும் இச்சுழல், எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வரையில் நிற்பதில்லை.

பருவமெய்தும் ஆண்டுகள் ஏன் ஆபத்தானவை என்பது இப்போது விளங்கும். பெண் குழந்தைகள் 11, 12 வயதளவிலும், ஆண் குழந்தைகள் 13, 14 வயதளவிலும் மிக விரைந்து வளர்கின்றனர். ஆண்டுக்கு 7, 8 சென்டிமீட்டர் உயர்வது அப்போது இயல்பே. தூண் நீள்கிறது, கயிறுகளாகிய தசைகள் அதே விரைவில் வலுப்பெறுவதில்லை. 10 பாகை வளைவு ஓராண்டில் 30 பாகையாக ஏறுவதும் இக்காலத்திலேதான். வளர்ச்சி முடிந்தபின் சிறு வளைவுகள் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகின்றன.

வளைவு ஏன் முறுக்கிக்கொள்கிறது என்பதற்கு நம் தையற்காரரின் தொழிலிலேயே உவமை கிடைக்கிறது. நீளமான துணி ஒன்றையும் குட்டையான துணி ஒன்றையும் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தால், நீண்ட துணி நேராக நிற்க இடமின்றி ஒரு பக்கமாக முறுக்கி ஒதுங்கும். பக்கவளைவு உள்ள முதுகில் முள்ளெலும்புகளின் முன்பாகம் பின்பாகத்தைவிட நீண்டிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். சோமர்வில் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1952-ஆம் ஆண்டில் இதனை வற்புறுத்தினார். பின்பாகம் தசைநார்களால் கட்டுண்டு கிடக்க, நீண்ட முன்பாகம் இடந்தேடிப் பக்கவாட்டில் திரும்புகிறது. அதனுடன் விலா எலும்புகளும் திரும்புவதால் முதுகின் ஒரு பக்கம் புடைக்கிறது. இந்நீட்சி முதற்காரணமா, பின்விளைவா என்பதில் அறிஞரிடையே இன்னும் வழக்கு உண்டு. இருகாலில் நிமிர்ந்து நடப்பதால் மனித முதுகெலும்பு பின்னோக்கித் தள்ளும் விசைக்கு உள்ளாகி, எளிதில் திரும்பிவிடும் நிலையை அடைகிறது என்று நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

ஆயினும் முதல் சாய்வு எங்கிருந்து வருகிறது? பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வளைவு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, இருகரு இரட்டையரைவிட மிகுதி. 2011-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வளைவோடு தொடர்புடைய மரபணுப் பகுதி ஒன்றைக் கண்டறிந்தனர். பல்கேரியாவில் 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, உடலை வில்லாய் வளைத்துப் பயிலும் தாளச் சீருடற்பயிற்சி வீராங்கனைகள் 100 பேரில் 12 பேரிடம் இவ்வளைவைக் கண்டது. ஒப்பிட்ட மற்றப் பெண் குழந்தைகளிடம் அது 100-க்கு ஒருவர் அளவே இருந்தது. மிகத் தளர்ந்த மூட்டுகள், காலந்தாழ்ந்த பருவ வளர்ச்சி, ஒரு பக்கமாகவே விழும் ஓயாத பாரம் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடியதை அவர்கள் காரணமாகக் கருதினர். ஆகவே பொறிமுறைக் காரணம் தனித்து நிற்பதன்று. உடலின் இயல்போடு சேர்ந்தே அது தொழிற்படுகிறது.

பெற்றோர் பலரும் கேட்கும் கேள்விக்கு இனி வருவோம். புத்தகப் பை முதுகை வளைக்கிறதா? இல்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் விடை. ஒரு தோளில் பை மாட்டுவதோ, சாய்ந்து உட்காருவதோ, ஒருக்களித்து உறங்குவதோ இவ்வளைவை உண்டாக்குவதாகச் சான்று இல்லை. கணபதி விழாவுக்காகப் புனேயின் இளைஞரும் இளம்பெண்களும் இடுப்பில் பெரிய தோல் முழவைக் கட்டி வாரக்கணக்கில் பயிலுவதைக் கண்டு, “முதுகு கோணிவிடுமே” என்று அஞ்சும் தாய்மாரும் உளர். முதுகுவலி வரலாம், தோளும் இடுப்பும் களைக்கலாம், ஆனால் வலி வேறு, வளைவு வேறு. பையின் பாரத்தைக் குறைப்பது வலியைத் தவிர்க்க நல்லதே. மகாராஷ்டிர அரசு 2015-ஆம் ஆண்டிலும், மத்திய அரசு 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கையிலும், பையின் எடை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தன. 40 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 4 கிலோ. இதனைப் பின்பற்றுவோம். ஆனால் பையைக் குறைத்துவிட்டதால் முதுகைப் பார்க்க வேண்டியதில்லை என்று எண்ணிவிடலாகாது.

முதுகைப் பார்ப்பது எப்படி? இதன் பின்னே ஒரு வரலாறு உண்டு. இகுவனோடான் என்னும் பழங்கால ஊர்வனவின் எச்சங்களை உலகுக்கு அறிவித்த ஆங்கிலேய அறிஞர் கிடியன் மாண்டெல், தம் முதுகில் எழுந்த புடைப்பால் பல்லாண்டு துன்புற்றார். அதனைக் கட்டி என்றே மருத்துவர் கருதினர். 1852-ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் உடலை ஆராய்ந்தபோதுதான், கட்டி ஏதும் இல்லை, முதுகெலும்பே முறுக்கிக்கொண்டிருந்தது என்பது தெரிந்தது. அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட வில்லியம் ஆடம்ஸ் என்னும் அறுவை மருத்துவர் 1865-ஆம் ஆண்டில் தம் நூலில் விவரித்த சோதனையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. குழந்தை கால்களைச் சேர்த்து நின்று, முழங்கால் மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் இணைத்துத் தொங்கவிட்டு முன்னே குனிய வேண்டும். பின்னாலிருந்து பார்ப்பவர் முதுகின் இருபுறமும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று நோக்க வேண்டும். ஒரு பக்கம் மேடிட்டிருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். தோள்களின் உயரம், தோள்பட்டை எலும்பின் புடைப்பு, கைக்கும் இடைக்கும் நடுவேயுள்ள வெளி ஆகியவற்றையும் ஒப்பிடலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை; 2 நிமிடம் போதும். இரவில் வலி, கால்களில் தளர்ச்சி அல்லது மரப்பு இருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, நியூயார்க் நகரத்து டாக்டர் காப் 1948-இல் வகுத்த முறைப்படி வளைவின் கோணத்தை அளக்கிறார். 10 பாகைக்குக் குறைந்தது இவ்வளைவாகக் கொள்ளப்படுவதில்லை. 25 பாகை வரையில் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். வளரும் குழந்தைக்கு 25 முதல் 40 பாகை வரை இருப்பின் உடற்கவசம் அணிவிக்கின்றனர். 50 பாகையை நெருங்கினால் அறுவை மருத்துவம் ஆராயப்படுகிறது. ஹூஸ்டன் நகரத்து டாக்டர் ஹாரிங்டன், இளம்பிள்ளை வாதத்தால் வளைந்த குழந்தைகளுக்காக உருவாக்கி 1962-இல் விவரித்த உலோகத் தண்டே இத்துறைக்கு வழிகாட்டியாயிற்று.

கவசம் செய்வது என்ன? முன்பு சொன்ன விதியையே அது திருப்பிப் பயன்படுத்துகிறது. புடைத்த பக்கத்தை அழுத்தி, அழுந்திய பக்கத்தைத் தளர்த்தி, எலும்பு மேலும் ஆப்பாகாமல் காக்கிறது. 1741-ஆம் ஆண்டில் ஆந்த்ரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் தம் நூலில், கோணிய இளமரத்தை நேரான கழியோடு கட்டிய படம் ஒன்றை வெளியிட்டார். எலும்பு மருத்துவத்தின் சின்னமாக இன்றும் அப்படமே விளங்குகிறது. கவசத்தின் பயன் குறித்து நெடுங்காலம் ஐயம் இருந்தது. 2013-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு அதனைத் தீர்த்தது. கவசம் அணிந்தோரில் 100-க்கு 72 பேரும், கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 48 பேரும் வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சியை முடித்தனர். நாள்தோறும் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தோரில் பத்தில் ஒன்பது பேர் இப்பயனைப் பெற்றனர்.

புனே நகரம் இத்துறையில் சிறப்புடையது. இரண்டாம் உலகப்போரில் உறுப்பிழந்த வீரர்களுக்காக 1944-இல் இங்கே செயற்கை உறுப்பு நிலையம் நிறுவப்பட்டது. நோயுற்ற குழந்தைப் பருவத்தைக் கடந்து வந்த பி.கே.எஸ். ஐயங்கார் 1937-இல் இந்நகருக்கு வந்து, கயிறும் கட்டையும் துணையாகக் கொண்டு ஆசனம் பயிற்றும் முறையை வளர்த்தார். 1975-இல் அவருடைய நிலையம் திறக்கப்பட்டது. ஆசனப் பயிற்சி தசைகளுக்கு உரமும் மூச்சுக்கு விரிவும் தரும். ஆனால் கவசம் தேவைப்படும் குழந்தைக்கு அது துணையாகுமேயன்றி மாற்றாகாது. இவ்வேறுபாட்டை உணராமல் ஓராண்டைக் கழித்துவிட்டால், அவ்வாண்டு திரும்பி வராது.

எம் மகளின் கதையை முடித்துவிடுவோம். எக்ஸ்ரேயில் வளைவு 28 பாகை இருந்தது. “இரண்டு வருஷமாக நேராக உட்காரச் சொல்லி வந்தோமே, கேட்கவில்லையே” என்று நாம் மருத்துவரிடம் முறையிட்டோம். அவர் எம்மைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்து, “இது நீ செய்த தவறு அல்ல, அம்மா” என்றார். அவள் அழுதாள். வளைவுக்காக அவள் அழுததாக எமக்குத் தோன்றவில்லை. இரண்டாண்டு வாங்கிய ஏச்சுக்காகவே அழுதாள்.

கவசம் இரண்டரை ஆண்டு நீடித்தது. புனேயின் ஏப்ரல் வெயிலில் அது எளிய காரியமன்று. உள்ளே அணியும் பருத்திச் சட்டையை நாளைக்கு மும்முறை மாற்ற வேண்டியிருந்தது. விளையாட்டை நிறுத்தக்கூடாது என்று மருத்துவர் கட்டளையிட்டதால், மாலையில் ஒரு மணி நேரம் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கோ-கோ ஆடப் போவாள். “இதை வெளியில் சொல்லாதீர்கள், நாளைக்குப் பெண் கேட்டு வருவார்கள்” என்று உறவினர் சிலர் அறிவுரை கூறினர். அவளோ தன் வகுப்பில் தானே எழுந்து நின்று, கவசத்தைத் தட்டிக் காட்டி விளக்கினாளாம். அதன்பின் அவ்வகுப்பில் இன்னொரு சிறுமியின் தாய் எம்மைத் தேடி வந்தார். வளர்ச்சி முடிந்தபோது எம் மகளின் வளைவு 27 பாகை. அது நேராகிவிடவில்லை, ஆனால் ஏறவுமில்லை. இன்று அவள் தோள்களைக் கூர்ந்து நோக்கினால் சிறு வேறுபாடு தெரியும். தையற்காரர் அதற்கேற்ப ஒரு தோளில் கால் அங்குலம் துணி விட்டுத் தைக்கிறார். அவ்வளவே.

நேயர்களே, உங்கள் இல்லத்தில் 10 வயது கடந்த குழந்தை இருந்தால், ஆறு திங்களுக்கு ஒருமுறை அதன் முதுகைப் பாருங்கள். பருவமெய்தும் பெண் குழந்தைகள் கூச்சத்தால் முதுகை மறைப்பார்கள். தாயோ பாட்டியோ அன்போடு அழைத்துப் பார்க்கலாம். கோணல் கண்டால் கடிந்துகொள்ளாதீர்கள், காலந்தாழ்த்தாதீர்கள். எலும்பு வளரும் காலம் சில ஆண்டுகளே. வளைவு வளர்வதும் அக்காலத்தில்தான். அதனைத் தடுத்து நிறுத்த முடிவதும் அக்காலத்தில்தான்.